நல்லெண்ணெய் மணக்கும் மகசின்

1

இந்தக் கதையை நான் ஒரு குளியலறையில் கண்டெடுத்தேன். இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு மாரிகாலம். ஒஸ்லோவின் குரோருட்டில் தெரிந்த ஒருவர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். கை கழுவலாம் என்று உள்ளே போனால் தொட்டி நிறையத் தண்ணீர். அடியில் ஒரு கைத்துப்பாக்கியின் மகசின் கிடந்து குமிழி விட்டுக்கொண்டிருந்தது. பின்னாலேயே ஓடிவந்த வீட்டுக்காரர் கதவைச் சாத்திவிட்டு, "அண்ணை, மனிசிக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்றார்.

சொல்லவில்லை. ஆனால் எழுதமாட்டேன் என்று நான் வாக்குக் கொடுக்கவும் இல்லை. அவருடைய மனைவி நான் எழுதுவதை வாசிப்பதில்லை. என்னை நேரில் தெரிந்த எவருமே வாசிப்பதில்லை. அந்தத் துணிச்சலில்தான் தொடங்குகிறேன். மகசினும் அந்த ஒரு வசனமும் மட்டுந்தான் நடந்தவை. மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

(பதற வேண்டாம். அது விளையாட்டுத் துப்பாக்கி. நோர்வேக்காரர் சொவ்ட்கன் என்பார்கள். பார்வைக்கு அசல் போலவே இருக்கும், ஆனால் சுடுவது பிளாஸ்டிக் குண்டுமணி. பிடிக்குள் செருகும் மகசினில் குண்டுமணிகளோடு அவற்றைத் தள்ளும் வாயுவும் அடைபட்டிருக்கும். இந்தக் கதையில் ஒருவரும் சாகமாட்டார்கள் என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: "ஒஸ்லோவில் பனி கொட்டிக்கொண்டிருந்தது." பனி கொட்டாமல் தொடங்கிய ஒஸ்லோக் கதை ஒன்றை எனக்கு யாராவது காட்டட்டும். அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "மகசினைக் கண்டதும் சத்தியபாமாவுக்கு அந்த இரவு நினைவுக்கு வந்து, அவள் விம்மி—" எந்த இரவு? எனக்கே தெரியாது. எங்கள் பெண்களை அழவைப்பது எழுதுகிறவனுக்கு மிகவும் சுலபமான வேலை. அதையும் வெட்டினேன்.

மூன்றாவது: "வாயு எங்கே ஒழுகுகிறது என்று சோதிலிங்கத்துக்குப் பிடிபடவில்லை." இது நன்றாயிருக்கிறது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

வாயு எங்கே ஒழுகுகிறது என்று சோதிலிங்கத்துக்குப் பிடிபடவில்லை. அவர் பேருந்து ஓட்டுநர். மீசை முளைத்த கையோடு நோர்வேக்கு வந்து, வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டி, பிறகு ஒஸ்லோவுக்கு இறங்கியவர். யாழ்ப்பாணத்தில் சண்டை முற்றுவதற்குள் ஊரைவிட்டு வந்துவிட்டார். அவருடைய மனைவி சத்தியபாமா கல்யாணமாகி வந்து எட்டு வருடம். அவர் பார்க்காத அத்தனையையும் அங்கேயே இருந்து பார்த்துவிட்டு வந்தவள்.

வந்த முதல் கிழமையே அவள் கேட்டது ஒன்றுதான்.

"வீட்டுக்குள்ளை துவக்கு, வெடி எண்டு ஒரு சாமானும் வரக்கூடாது. விளையாட்டுக்கும் வேண்டாம்."

"ஓம், ஓம்" என்றார் சோதிலிங்கம். அப்போது அது அவருக்குப் பெரிய காரியமாகத் தெரியவில்லை.

போன கோடையில் வேலைத்தலத்து நண்பர்கள் அவரைக் காட்டுக்குச் சொவ்ட்கன் விளையாடக் கூட்டிப்போனார்கள். மரத்துக்கு மரம் ஓடி, ஒளிந்து, சுட்டு, சுடுபட்டு, வயிறு நோகச் சிரித்தார். அப்படிச் சிரித்து எத்தனை காலம் என்று யோசித்தபோது அவருக்குச் சந்தோசமாகவும் இருந்தது, மனைவியை நினைக்க வெட்கமாகவும் இருந்தது. மறுமாதம் ஒரு கைத்துப்பாக்கி வாங்கினார். அது நிலக்கீழ் சாமான் அறையில் பெட்டிகளுக்குப் பின்னால் தங்கியது. குளிரில் மகசினின் றப்பர் வளையங்கள் இறுகிவிடும் என்றார்கள். ஆகவே மகசின் இரண்டும் மேலே வந்தன.

"இதென்ன?" என்று சத்தியபாமா கேட்டாள்.

"துளைக்கிற மிசினின்ரை பற்றரி."

அவள் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "பாரமாக் கிடக்கு" என்றாள். திரும்ப வைத்தாள்.

[இங்கே எனக்கு ஒரு சந்தேகம். ஒரு நோர்வே மனைவி நம்பியிருக்கக்கூடும். யாழ்ப்பாணத்தில் சோதனைச் சாவடி தாண்டித் தாண்டிப் பள்ளிக்கூடம் போனவள், மகசினைப் பற்றரி என்று நம்புவாளா? நான் நம்பவில்லை. சோதிலிங்கம் நம்பினார். என் பாத்திரம் என்னைவிட மொக்கனாக இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.]

4

ஒழுக்கைப் பிடிக்கும் வழியை வாசகரும் தெரிந்துகொள்ளட்டும். வாயு நிரப்பிய மகசினைத் தண்ணீருக்குள் விட வேண்டும். அடித்தட்டில் குமிழி வந்தால் அங்கேயுள்ள றப்பர் வாசர் போய்விட்டது. வாயு நிரப்புகிற துவாரத்தில் வந்தால் அந்தச் சின்ன வால்வு. பின்பக்கத்தில் வந்தால், சுடும்போது வாயுவைத் திறந்துவிடும் பெரிய வால்வு. அதை இரட்டைப் பல் சாவியால் கழற்றி, வளையத்தைத் துடைத்து, சிலிக்கோன் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுப் பூட்ட வேண்டும்.

சோதிலிங்கத்துக்குப் பின்பக்கத்தில் குமிழி வந்தது. வளையம் காய்ந்து போயிருந்தது. வைக்கும்போது உள்ளே கொஞ்சம் வாயு விட்டுவைக்க வேண்டும், அந்த அழுத்தத்தில்தான் வளையம் ஒழுங்காக இருக்கும் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். இவர், அலுமாரிக்குள் இருந்து உஸ்ஸென்று சத்தம் வந்து மனைவிக்குக் கேட்டுவிடுமே என்று ஒவ்வொரு முறையும் ஒட்ட வெறுமையாக்கி வைத்தார். ஒளித்து வைத்ததால்தான் ஒழுகியது. (இதை நான் திட்டமிடவில்லை. எழுதும்போது தானாக வந்தது, வந்ததை விடுவானேன்?)

புது வளையம் போட்டார். மகசின் திருந்தியது.

அடுத்த மாதம் அதே மகசின் மறுபடியும் சீறியது. சத்தியபாமா வேலைக்குப் போயிருந்தாள். வால்வைக் கழற்றினார். உள்ளே மஞ்சளாக ஒரு பசை. வால்வு அதில் ஒட்டிப் பாதி திறந்தபடி நின்றது. மூக்கருகே கொண்டுபோனார்.

நல்லெண்ணெய்.

அந்த வீட்டில் கதவு கீச்சிட்டாலும், கத்தரிக்கோல் இறுகினாலும் நல்லெண்ணெய் விடுகிற கை ஒன்றுதான். சோதிலிங்கம் தொட்டி விளிம்பில் இருந்துவிட்டார். அவளுக்குத் தெரியும். ஒழுகியதும் தெரியும், வளையம் மாற்றியது தெரியுமோ என்னவோ. தெரிந்துகொண்டே தினமும் தேநீர் ஊற்றித் தந்திருக்கிறாள்.

5

இனித்தான் சிக்கல். அவள் அதைத் திருத்த விட்டாளா, பழுதாக்க விட்டாளா? நல்லெண்ணெய் நாளானால் பசையாகி வால்வைக் கெடுக்கும் என்று அவளுக்குத் தெரியுமா? கேட்டால் தெரிந்துவிடும். ஆனால் கேட்பதற்கு முன், தான் சொன்ன பொய்யை அவர் ஒத்துக்கொள்ள வேண்டும். மகசின் போனால் வேறொன்று வாங்கலாம். அவள் கேட்ட ஒரே ஒரு காரியத்தில் இவர் ஏமாற்றிவிட்டார். அவள் இனித் தன்னை நம்புவாளா என்பதுதான் அவர் பயம்.

அவள் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது, இரண்டு மகசினும் குசினி மேசையில் இருந்தன.

"இஞ்சேரும். இது பற்றரி இல்லை."

"தெரியும்."

"எப்ப தொடக்கம்?"

"கையிலை எடுத்த அண்டைக்கே."

"பிறகேன் கேக்கேல்லை?"

"நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்."

"பிழை என்னிலைதான். உம்மட்டைச் சொல்லப் பயமாக் கிடந்தது." "எண்ணெய் நீரே விட்டனீர்?"

"ஓம்."

"திருத்தவோ, பழுதாக்கவோ?"

6

முடிவு அ: "உஸ் உஸ்ஸெண்டு கிடந்துது. நீங்களும் மூஞ்சையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிஞ்சியள். பாவம் எண்டு விட்டனான்" என்கிறாள். அவர் அழுகிறார். எழுதிய அன்று எனக்குப் பிடித்திருந்தது. மறுநாள் வாசித்தால் சர்க்கரைப்பாகு.

முடிவு ஆ: "அது இனி வேலை செய்யக்கூடாது எண்டுதான் விட்டனான்" என்கிறாள். அவர் எல்லாவற்றையும் குப்பையில் போடுகிறார். நியாயமான முடிவுதான். ஆனால் காட்டில் அந்த மனிசன் சிரித்த சிரிப்பை எழுதியவன் நான். அதைக் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை.

முடிவு இ: [அவர்கள் இருவரும் ஜன்னலுக்கு வெளியே பனியைப்— சீ.]

என் கதையில் எல்லாம் எனக்குத் தெரியும் என்றுதான் இதுவரை இருந்தேன். சத்தியபாமா எனக்கு வாய் திறக்கவில்லை. அவள் செய்ததை மட்டும் எழுதுகிறேன். அலுமாரியைத் திறந்து நல்லெண்ணெய்ப் போத்தலை எடுத்தாள். ஒழுகாத மற்ற மகசினை இழுத்துத் தன் முன்னால் வைத்தாள்.

"இதுக்கு இன்னும் விடேல்லை. விடட்டோ? இந்த முறை நீங்கள் சொல்லுங்கோ."

ஓம் என்றால் அவர் விளையாட்டு அதோடு சரி. வேண்டாம் என்றால், அவள் உதவத்தான் விட்டிருந்தாளானால் அந்த அன்பைத் தட்டிவிட்டதாகும். தடுக்கத்தான் விட்டிருந்தாளானால் எட்டு வருடத்து வாக்கை முகத்துக்கு நேரே முறித்ததாகும். சோதிலிங்கம் என்னைப் பார்க்கிறார். நான் உங்களைப் பார்க்கிறேன். அவள் மூடி கழற்றிய போத்தலைச் சரித்துப் பிடித்திருக்கிறாள். கை நோகுமுன் யாராவது சொல்லிவிடுங்கள்.