மச்சினன் எழுதிய இரண்டு வரி

எங்கள் முதலாளியின் மச்சினனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்பது அவன் அக்கா கிளப்பிவிட்ட வதந்தி. கட்டட பிளான் போட்டுத் தரும் எங்கள் அலுவலகத்தில் வரைகிறவள் நான் ஒருத்திதான். ஆனாலும் அவன் வந்த அன்றே என் சுழல் நாற்காலி அவனுக்குப் போய்விட்டது. எனக்குக் கால் ஆடுகிற ஸ்டூல்.

நாலு வீடியோ பார்த்துவிட்டு பேட்ச் ஃபைல் எழுதக் கற்றுக்கொண்டான். கட்டளைகளை வரிசையாக ஒரு ஃபைலில் எழுதி வைத்தால் ஒரே தட்டில் எல்லாம் நடந்துவிடும். நல்ல விஷயம்தான், எழுதுகிறவனுக்கு மூளை இருந்தால். என் கம்ப்யூட்டரில், சி டிரைவில் என் பிளான்கள் இருக்கிற ஃபோல்டருக்குள்ளேயே அதை எழுதி வைத்தான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தைப் பார்த்து முதலாளி வாயைப் பிளந்தார்.

"டி டிரைவ்ல பழைய பிளான் எல்லாம் குப்பையா கெடக்கு மாமா. இதைத் தட்டினா சுத்தமாயிடும்."

"அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை கேக்கும் இல்ல?" என்றேன்.

"அதை எடுத்துட்டேன். சும்மா நைநைன்னு கேட்டுக்கிட்டு."

அவனை யாரும் கேள்வி கேட்கக் கூடாது, கம்ப்யூட்டர் உட்பட. தட்டிவிட்டுக் காபி குடிக்கப் போனான்.

மறுநாள் பார்த்தால், மாதக்கணக்கில் கண் எரிய நான் வரைந்த பள்ளிக்கூட பிளான் மொத்தமும் காணோம். ரீசைக்கிள் பின்னிலும் இல்லை. கட்டளை கொடுத்து அழித்தது அங்கே போகாது. டி டிரைவைத் திறந்தேன். அழிய வேண்டிய பழைய பிளான்கள் குத்துக்கல் மாதிரி இருந்தன. அவன் எழுதியது இரண்டே வரி: டி டிரைவில் உள்ள ஃபோல்டருக்குப் போ, அங்கே இருக்கும் பிளான்களை அழி. டிரைவ் மாறச் சொல்ல இன்னும் ஒரு எழுத்து சேர்க்க வேண்டும், அதை விட்டுவிட்டான். கம்ப்யூட்டர் எங்கேயும் போகவில்லை. நின்ற இடத்திலேயே, என் ஃபோல்டரிலேயே, அழித்தது.

"மேடம்தான் கைதவறி அழிச்சிருக்காங்க மாமா," என்றான், கூசாமல்.

முதலாளி என்னைப் பார்த்தார். பள்ளிக்கூடக்காரர்களிடம் காட்ட அவருக்கு ஒரு தலை வேண்டும். அது என் தலையாக இருந்தால் வீட்டில் நிம்மதி. இந்த வேலை போனால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை. பயமாக இருந்தது, அதைவிட அருவருப்பாக இருந்தது.

"அவர் எழுதினதுல தப்பில்லன்னா, உங்க லேப்டாப்ல ஓட்டிக் காட்டச் சொல்லுங்க சார். உங்க புது வீட்டு பிளான் இருக்கே, அந்த ஃபோல்டர்ல வச்சு."

முதலாளி லேப்டாப்பை அவன் பக்கம் நகர்த்தினார். அவன் ஃபைலைக் கொண்டுவந்து வைத்தான். விரல் என்டர் கீ வரைக்கும் போனது. அங்கேயே நின்றது. திருதிருவென்று விழித்தான்.

"இது... உங்க லேப்டாப்புக்கு ஒத்துவராது மாமா."

முதலாளி லேப்டாப்பை வெடுக்கென்று இழுத்து மூடினார். பைக்குள் வைத்து ஜிப்பையும் போட்டார். அப்பாடா, மனிதருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கு உயிர் வந்தது.

பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"நாளையிலேருந்து நீ வர வேணாம்மா."