தையலுக்கு இடம் விட்ட தரை

என் கத்தரிக்கோல் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் கூடப் பொய் கிடையாது. நாற்பது வருடம் தையல்காரனாக இருந்தவன் கத்தரிக்கோலைத் தொட்டுப் புளுகினால் அது சும்மா விடாது.

என் மனைவி கொல்லைப்புறச் சேற்றில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். மூன்று வாரம் ஆஸ்பத்திரி. மகள் போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"அப்பா, வெள்ளிக்கிழமை அனுப்பறாங்க. அதுக்குள்ள பின்னாடி செங்கல் தரை போட்டிருந்தா அம்மா அங்க வருவாங்க. இல்லேன்னா நேரா என் வீட்டுக்குத்தான். அப்புறம் எப்ப அனுப்புவேன்னு என்னைக் கேக்காதீங்க."

பக்கத்து வீட்டுக் கொத்தனாருக்கு அடுத்த மாதம்தான் கை ஒழியுமாம். சரி, கோட்டு தைத்தவனுக்குச் செங்கல் எம்மாத்திரம் என்று நானே இறங்கிவிட்டேன். நானூறு செங்கல் வந்து இறங்கியது. மண்ணை வெட்டினேன், மணலைப் பரப்பினேன், கல்லை அடுக்கினேன். ஒவ்வொரு கல்லுக்கும் நாலு பக்கமும் அரை அங்குலம் தையலுக்கு விட்டேன்.

மதிலுக்கு மேல் கொத்தனாரின் தலை முளைத்தது.

"டைலரய்யா, நடுவுல எதுக்கு இவ்வளவு சந்து?"

"பின்னால பிரிச்சு விட்டுக்கலாம்ல?"

"தரை என்ன வளர்ற பிள்ளையா?"

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். கல் சிரிக்கவில்லை, ஆடியது. ஒரு மூலையை மிதித்தால் எதிர்மூலை எழுந்து நின்று என்னைப் பார்த்தது. அதை அமுக்கினால் இன்னொன்று. புதன்கிழமை முழுக்க நான் உட்கார உட்கார, தரை எழுந்து எழுந்து மரியாதை செய்தது.

வியாழக்கிழமை கொத்தனார் இரக்கப்பட்டு ஒரு யோசனை சொன்னார். "தண்ணி ஓடறதுக்குச் சுவத்துலேருந்து வெளிய பாத்து கொஞ்சம் சரிவு குடுங்க." கொடுத்தேன். ஆனால் துணியைப் புரட்டிப் போட்டு உள்பக்கத்தில் குறித்தே பழகியவன் நான். சரிவும் புரண்டுகொண்டது. தரை முழுவதும் சமையலறையைப் பார்த்துச் சாய்ந்துவிட்டது.

கொஞ்சநஞ்சச் சாய்வு இல்லை. வெயிலில் தூங்க வந்த பூனை, தூக்கம் கலையாமலே வழுக்கிப் போய்ப் பால் பாத்திரத்துக்குப் பக்கத்தில்தான் கண் விழித்தது. கொத்தனார் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். அதிலிருந்த குமிழி ஒரு ஓரத்துக்கு ஓடி ஒளிந்துகொண்டு, அப்புறம் எவ்வளவு தட்டியும் வெளியே வரவில்லை.

"இதப் பேர்த்துட்டு மறுபடியும்..." என்று முக்காலியில் உட்கார்ந்து ஆரம்பித்தவர், அதோடு நகர்ந்து போய் அடுப்படியில் வாக்கியத்தை முடித்தார். வந்தவரைச் சும்மா அனுப்பக் கூடாதே என்று டீ போட்டுக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. பேர்க்க நேரமில்லை, ஓடவும் இடமில்லை. மனைவி சக்கரம் வைத்த நடைவண்டியைப் பிடித்தபடி கொல்லைப்புறக் கதவைத் தாண்டிக் காலை வைத்தாள். மகள் அவள் பெட்டியைக் காரிலிருந்து இறக்கவே இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"என்னங்க... இது போகுதுங்க!"

போனது. போகிற போக்கில் கொடியில் காய்ந்த துண்டை எடுத்து மடித்துக்கொண்டே போனாள். அடுப்புக்கு முன்னால் போய் அலுங்காமல் நின்றாள்.

"அம்மா, அடிபட்டுச்சா?" என்று மகள் அலறினாள்.

"எங்கடி அடி? ஒரு எட்டு எடுத்து வெக்காம அடுப்படிக்கு வந்துட்டேன். உன் வீட்டுல இந்த வசதி உண்டா? போய் பெட்டிய எடுத்துட்டு வா."

பெட்டி உள்ளே வந்தது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மனைவியைப் பார்க்க மகள் வீட்டுக்குக் கிளம்பும்போது, லாரிக்காரர் இறக்கிய இடத்திலேயே இருக்கும் அந்த நானூறு செங்கலையும் சுற்றிக்கொண்டுதான் நான் கேட்டைத் திறக்க வேண்டியிருக்கிறது.