பூஜையில் வைத்த கிரேட்டுகள்

என் மனைவி லலிதாவின் கையில் குங்குமச்சிமிழ் இருந்தால் போதும், எதிரில் நிற்பது எதுவானாலும் பொட்டு வைத்துவிடுவாள். சரஸ்வதி பூஜையன்று புனே விஷ்ராந்த்வாடியில் எங்கள் வீட்டில் தையல் மெஷின் முதல் என் ஸ்கூட்டர் வரை பூஜையில் உட்கார்ந்துவிடும். மறுநாள் காலை புனர்பூஜை ஆகும்வரை எதையும் தொடக்கூடாது. செய்தித்தாளுக்கும் அதே கதிதான். கல்யாணமான நாளாக, வருடத்தில் அந்த ஒரு நாள் உலகத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

இந்த வருடம் பூஜையன்று அவள் தம்பி அச்சுதன் எங்களைத் தன் சீதாப்பழத் தோட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தான். தோட்டம் சாஸ்வட் பக்கம். ஐ.டி. வேலையை உதறிவிட்டு, மராட்டிக்கார மனைவி அம்ருதாவோடு சேர்ந்து அவன் வைத்த மரங்கள் முதல் தடவையாக விற்கிற அளவுக்குக் காய்த்திருந்தன. சாயங்காலம் வியாபாரியின் டெம்போ வரும். இன்று சரக்கு ஏறாவிட்டால் இந்த சீசன் முழுக்க இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கமாட்டேன் என்று வியாபாரி கறாராகச் சொல்லியிருந்தாராம். ஆட்கள் பண்டிகைக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். பறிக்க நாங்கள்தான்.

சரஸ்வதி படம், சாமந்திப்பூ, ஒரு தூக்கு நிறையப் புளியோதரை சகிதம் லலிதா காரில் ஏறினாள். திவே காட் மலைப்பாதை முழுக்க எங்கள் பெண் சஹானா பாடிக்கொண்டே வந்தாள்.

அச்சுதன் என்னையும் சஹானாவையும் மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனான். "பாருங்கோ அத்திம்பேர், தோல்ல இருக்கற கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவுல வெளுத்திருக்கணும். பச்சையா இருந்தா விட்டுடுங்கோ, அது பழுக்காது, கறுத்துப் போயிடும்."

"மாமா, இது முழிச்சிண்டிருக்கா, தூங்கறதா?" என்று சஹானா ஒரு காயைத் தடவினாள். கண் என்றதும் நிஜக் கண் என்று நினைத்துவிட்டாள். அவளுக்கு வருகிற தமிழ் அவ்வளவுதான்.

காம்பை வெட்டுகிற கத்தரி எடுக்கக் கொட்டகைக்குத் திரும்பினோம். கத்தரிகள், தராசு, தள்ளுவண்டி, ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்த, பழம் ஏற்றுகிற பிளாஸ்டிக் கிரேட்டுகள், அத்தனையிலும் சந்தனம், குங்குமம், மேலே சாமந்தி. லலிதா கற்பூரத் தட்டை எங்கள் முன் நீட்டினாள்.

"அம்ருதா எவ்வளவு சமத்து பாருடா! எல்லாத்தையும் அலம்பித் துடைச்சு எனக்காக வரிசையா வெச்சிருக்கா."

அச்சுதன் முகம் போன போக்கைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது, நாளைக் காலை வரை இதில் ஒன்றையும் தொட முடியாது. அம்ருதா அலம்பி வைத்தது நாளைக்கு. அவர்கள் வீட்டில் ஆயுதங்களுக்குப் பூஜை தசராவன்றுதான்.

என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான். "அக்காட்ட மூச்சு விடாதீங்கோ. ஆசையாப் பண்ணியிருக்கா. பூஜையைக் கலைன்னு எந்த வாயால சொல்வேன்?"

"டெம்போ வருமேடா!"

"பாத்துக்கலாம்."

பார்த்துக்கொள்வானாம்! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அம்ருதாதான் சமாளித்தாள். "அக்கா, கையாலே திருகினா பழத்துக்கு வலிக்காது" என்று கூசாமல் புளுகினாள். லலிதா அதையும் நம்பினாள். சஹானாவின் துப்பட்டா, என் துண்டு, காரில் கிடந்த போர்வை எல்லாம் கூடையாயின. லலிதா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எங்களையெல்லாம் விட அதிகம் பறித்தாள். முழுக்கப் பழுத்த ஒன்று என் கையிலேயே பிளந்துகொண்டது. அதைத் தின்று, விரலைச் சப்பி, அச்சுதன் பேரில் இருந்த கோபத்தில் பாதியை மறந்தேன். மிச்சப் பாதி புளியோதரையில் போயிற்று.

டெம்போ வந்தபோது மரத்தடியில் வைக்கோல்மேல் பழங்கள் பரந்து கிடந்தன. டிரைவர் இறங்கி ஒரு சுற்றுப் பார்த்தார். "கிரேட் குட்டே?" என்று கேட்டார், கிரேட்டெல்லாம் எங்கே என்று.

வைக்கோல் போட்டு அப்படியே ஏற்றலாமே என்று அச்சுதன் மராட்டியில் கெஞ்சினான். மலை இறங்குவதற்குள் கூழாகிவிடும் என்று அவர் தலையை ஆட்டினார். அடுத்த தோட்டத்தில் காத்திருக்கிறார்கள், டீ குடித்து முடிக்கும்வரைதான் நிற்பேன் என்றார்.

இத்தனை வருடம் புனேயில் குடித்தனம் பண்ணியவளுக்கு மராட்டி புரியாதா? லலிதா டிரைவரைப் பார்த்தாள், கொட்டகையைப் பார்த்தாள், கடைசியாகத் தம்பியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்ருதா டீ டம்ளரை இன்னொரு தடவை நிரப்பினாள்.

லலிதா கை கால் அலம்பிக்கொண்டு கொட்டகைக்குள் போனாள். படத்துக்கு முன் ஒரு சீதாப்பழத்தைப் பிட்டு வைத்தாள், கற்பூரம் ஏற்றினாள், கண்ணை மூடி நின்றாள். பிறகு பூஜை முடிந்ததற்கு அடையாளமாகப் படத்தை லேசாக வடக்கே நகர்த்தினாள். மறுநாள் காலைக்கு முன் அவள் அதைச் செய்து நான் பார்த்ததே இல்லை.

"சரஸ்வதி நமக்கெல்லாம் அம்மா. நாளைக்கு மறுபடியும் பண்ணினா மன்னிச்சுடுவா. டெம்போக்காரன் அம்மா இல்லை" என்றவள் எங்கள் பக்கம் திரும்பினாள். "மரம் மாதிரி நிக்கறேளே, தூக்குங்கோ!"

தூக்கினோம். டிரைவரும் டம்ளரை வைத்துவிட்டுக் கை கொடுத்தார். கடைசிக் கிரேட்டையும் ஏற்றிக்கொண்டு டெம்போ மண்பாதையில் குலுங்கிக் குலுங்கிப் போய் ரோட்டில் ஏறியது. அம்ருதாவும் சஹானாவும் கையைத் தட்டிக்கொண்டு குதித்தார்கள்.

அச்சுதன் மெதுவாக அக்காவிடம் வந்தான். "காலைலேர்ந்து உன்கிட்ட எப்படிக் கேக்கறதுன்னு தவிச்சிண்டிருந்தேன் அக்கா."

லலிதா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கேட்டிருந்தா முடியாதுன்னுதான்டா சொல்லியிருப்பேன். பழம் போனாலும் போகட்டும்னு நீ கேக்கவே இல்லை பாரு, அதுதான் எனக்குத் தாங்கலை."