கேட்டதுக்கு மட்டும் பதில்

எஞ்சினைச் சுற்றும் கைப்பிடி தெறித்து, பலகையில் மோதி, என் காலடியில் வந்து விழுந்த பிறகும் எஞ்சினியர் கத்தவில்லை. எஞ்சின் அறையில் தேங்கிக் கிடந்த எண்ணெய்த் தண்ணீரிலேயே அப்படியே உட்கார்ந்துவிட்டார். வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தார். மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, லாத்தா. கட்டை விரல் பின்பக்கமாகத் திரும்பி நின்றது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ரத்தம் வந்திருந்தால் துணியைக் கிழித்துக் கட்டியிருப்பேன். இதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

என் கை இன்னும் அந்த லீவரின் மேலேயே இருந்தது. எடுக்கச் சொன்னாலும் விரல்கள் கேட்கவில்லை.

"என்னடா பாத்துக்கிட்டு நிக்கிற? ஆளைத் தூக்குடா!" என்று மேலேயிருந்து மானேஜர் வேல்சாமி கத்தினார். அப்போதுதான் குனிந்து அவரைத் தூக்கினேன்.

இப்போது எல்லோரும் தூங்கிவிட்டார்கள். விளக்கைத் திரி தெரியாத அளவுக்கு இறக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதற்குக் காரணம் விளக்கு மட்டும் இல்லை. என் அக்காவாக இதை நீ மட்டும் படி. மச்சானிடம் காட்டாதே.

பாம்பனில் புதிதாக இறால் கம்பெனி வந்திருக்கிறது, எஞ்சின் படகுக்கு ஒரு டிரைவர் எடுக்கிறார்கள் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன் அல்லவா? இன்றைக்குத்தான் இன்டர்வியூ. இது கிடைக்காவிட்டால் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் மாமா என்னை மதராஸுக்கு ரயில் ஏற்றிவிடுவார். பெரியமேட்டில் தோல் மண்டி. நாள் முழுக்கத் தோலுக்கு உப்புத் தடவுகிற வேலை. மதராஸிலும் கடல் இருக்கிறதாம். மண்டியிலிருந்து பார்த்தால் தெரியாதாம். வாப்பாவுக்குப் பார்வை போனதிலிருந்து நம் வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடக்கிறது. அதைவிட்டால் நான் கடலுக்குப் போக இந்த எஞ்சின் படகு ஒன்றுதான் வழி. அதற்காகத்தானே மண்டபத்தில் ஆறு மாதம் எஞ்சின் பழகி சர்ட்டிபிகேட் வாங்கினேன்?

ஐந்து பேர் வந்திருந்தோம். எஞ்சினியர் பெயர் சேதுராமன். தூத்துக்குடியிலிருந்து காலை வண்டியில் வந்து இறங்கியவர். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. கம்பெனி அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் கேள்வி கேட்டார். உள்ளே ஒருவனைத் திட்டினால் வெளியே நாலு பேருக்கும் கேட்க வேண்டும் என்பதற்காகவோ என்னவோ.

எனக்கு முன்னால் போனவன் சோணைமுத்து. அவன் அய்யா யாரோ ஒருவருடைய வயலில் கூலி வேலை செய்கிறாராம்.

"எந்த ஊரு?"

"ஆர்.எஸ்.மங்கலம்ங்க."

"அங்க கடல் இருக்கா?"

"கண்மாய் இருக்குங்க. பெரிய கண்மாய்."

"கண்மாயில இறால் பிடிக்கப் போறியா?"

மானேஜர் சிரித்தார். அவருக்கும் அது சிரிப்பாக இல்லை என்று குரலிலேயே தெரிந்தது.

"பம்புசெட்டு எஞ்சின் நாலு வருசமா ஓட்டுறேங்க."

"நீ அதை ஓட்டினியா, அது உன்னை ஓட்டிச்சா? போ. வெளிய நில்லு."

சோணைமுத்து வெளியே வந்து என் பக்கத்தில் நின்றான். துண்டை உதறி உதறி மடித்தான். மடித்ததையே மறுபடியும் பிரித்தான்.

அடுத்தது நான். என் சர்ட்டிபிகேட்டை இரண்டு விரல் நுனியால் தூக்கி மூக்கருகே கொண்டுபோனார். "கருவாடு சுத்தின பேப்பரா இது?" உம்மாவின் பெட்டியில் வைத்திருந்த காகிதம் அது. அத்தர் வாசம்தான் அடித்திருக்கும்.

"எஞ்சின் கரும்புகை விட்டா என்ன கோளாறு?"

"லோடு ஜாஸ்தியா இருக்கலாம் சார். காத்து போற வழி அடைச்சிருக்கலாம். இல்லேன்னா நாஸில் கெட்டிருக்கலாம்."

"நாஸில்னா?"

"டீசலைப் பொடியாத் தெளிக்கிறது சார்."

"பொடியா? மூக்குப்பொடியா? இங்கிலீஷ்ல சொல்லு."

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். பாதியில் கையை உயர்த்தி நிறுத்தினார். மானேஜர் பக்கம் திரும்பி, "இவனுக்கெல்லாம் எவன் பாஸ் போட்டான்? கண்ணு தெரியாத ஆளா?" என்றார்.

வாப்பாவைப் பற்றி அவருக்குத் தெரியாது. தெரியாமல்தான் சொன்னார். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் என் காது மடல் இரண்டும் சுட்டது, லாத்தா. அந்தச் சூடு இறங்கவே இல்லை.

பிறகு எல்லோரையும் படகுக்குக் கூட்டிக்கொண்டு போனார். எஞ்சின் அறை வாசல் தாழ்வானது. மேலே குறுக்காக ஒரு கட்டை. அவர் குனியாமல் பேசிக்கொண்டே இறங்கினார். நான் யோசிக்கவே இல்லை.

"தலை!"

கத்திவிட்டேன். கட்டைக்கும் அவர் நெற்றிக்கும் விரல்கடை இடைவெளியில் நின்றார்.

உனக்குத் தெரியும், நம் வள்ளத்தில் அப்படித்தான். எந்த உறுப்புக்கு ஆபத்தோ அதன் பெயரை மட்டும் கத்த வேண்டும். வாங்க போங்க எல்லாம் சேர்க்க நேரம் இருக்காது. பத்து வயதில் நான் வாப்பாவைப் பார்த்தே "கால்!" என்று கத்தியிருக்கிறேன். நங்கூரக் கயிறு அவர் காலைச் சுற்றப் பார்த்தது. அவர் அந்த வள்ளத்துக்கே தலைவர், தண்டல். ஒரு வார்த்தை பேசாமல் காலை எடுத்துக்கொண்டார். பார்த்தவன் கத்தியே ஆக வேண்டும். கேட்டவன் கோபித்துக்கொள்ளக் கூடாது. கடலில் அவ்வளவுதான் சட்டம். கரையில் இருந்து வந்த பெரிய மனிதரிடமும் அப்படியே கத்துவது தப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவர் மெதுவாகத் திரும்பினார்.

"யாரைப் பாத்துடா கத்துற?"

"சார், மேல கட்டை..."

"தலையாம்! மாட்டை விரட்டுற மாதிரி. சார்னு ஒரு வார்த்தை வாயில வராதா? இங்க பாரு. நான் கேப்பேன். நீ பதில் சொல்லுவ. கேட்டதுக்கு மட்டும் பதில். கேக்காம வாயைத் திறந்த, அப்படியே கரைக்கு நடந்துடணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்."

"ஸ்டார்ட் பண்ணு."

இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த எஞ்சின். இரண்டு தடவை சுற்றினேன். கிளம்பவில்லை. டீசல் குழாயில் காற்று அடைத்திருக்கிறது, அதை எடுக்க வேண்டும் என்று தெரிந்தது. அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

குழாய் மூடியைத் திருகி அவரே காற்றை எடுத்தார். வேலை தெரிந்த கைதான், பொய் சொல்ல மாட்டேன். பிறகு, "தள்ளு. தெரிஞ்சவன் எப்படிப் பண்றான்னு பாரு. நீ லீவரைப் பிடிச்சுக்க. நான் விடுன்னா விடணும்" என்று கைப்பிடியை வாங்கிக்கொண்டார்.

லீவரைத் தூக்கிப் பிடித்திருக்கும் வரை எஞ்சின் லேசாகச் சுற்றும். சக்கரம் நல்ல வேகம் எடுத்த பிறகுதான் அதைக் கீழே இறக்கி விட வேண்டும். விட்டால் எஞ்சின் பிடித்துக்கொண்டு ஓடும். வேகம் வருவதற்கு முன்னால் விட்டால் எதிர்த்து அடிக்கும். கைப்பிடி பின்பக்கமாகச் சுழலும். அதனால்தான் கட்டை விரலையும் மற்ற நாலு விரலோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிக்கச் சொல்வார்கள். அப்படிப் பிடித்தால் எதிர்த்து அடிக்கும்போது கை தானாகக் கழன்றுவிடும். மண்டபத்தில் எனக்கு முதல் நாள் பாடமே அதுதான்.

அவர் கட்டை விரலை மறுபக்கமாகச் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தார்.

பார்த்தேன், லாத்தா. நன்றாகப் பார்த்தேன். மேல்வாசல் வெளிச்சம் நேராக அவர் கையில்தான் விழுந்தது. நாற்காலியில் உட்கார்ந்து எத்தனை வருடம் ஆயிற்றோ, கைக்கு அது மறந்துபோயிருக்கிறது. ஒரு சுற்று. இரண்டு சுற்று. அவருக்கு மூச்சு வாங்கியது. சக்கரம் இன்னும் வேகம் எடுக்கவில்லை. அது என் உள்ளங்கைக்கே தெரிந்தது. மூன்றாவது சுற்றில், "விடு!" என்றார்.

'கை' என்ற சொல் என் தொண்டைக்கு வந்தது. பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது.

நான் லீவரை விட்டேன்.

பாம்பனில் எலும்பு முறிவுக்கு ஆஸ்பத்திரி ஏது? பலகையில் கையை வைத்துக் கட்டி, ராமநாதபுரம் போக ரயிலுக்குக் காத்திருந்தோம். அக்கரைக்குப் போக அந்த ரயில் பாலத்தை விட்டால் வேறு வழி இல்லையே. முக்கால் மணி நேரம். நானும் சோணைமுத்துவும்தான் அவரைத் தாங்கிக்கொண்டு வந்தோம். அவரைப் பெஞ்சில் சாய்த்துவிட்டுத் தண்ணீர்ப் பானைக்குப் போனபோது சோணைமுத்து என் தோளை அழுத்தினான்.

"சரியான நேரத்துல லீவரை விட்டுட்டடா. நானா இருந்தா கை நடுங்கியிருக்கும்."

குவளையைப் பானைமேல் வைத்தேன். "என்ன சொல்ற? அவருதான விடச் சொன்னாரு!"

"ஆமாமா. அவருதான் சொன்னாரு." கண்ணைச் சிமிட்டினான். "யாரு கேட்டாலும் அதையே சொல்லு. ஆனா எங்கிட்டயுமா? அந்த ஆளு உனக்குப் பாஸ் போட்டவன் கண்ணு தெரியாத ஆளான்னு கேட்டப்ப உன் மூஞ்சியப் பாத்தேனே."

"சத்தியமா நான் வேணும்னு செய்யலை."

"சரி விடு. வேணும்னு செஞ்சிருந்தாலும் தப்பில்ல."

அவன் என்னைப் பாராட்டினான், லாத்தா. யாரும் என்னை இப்படிப் பயமுறுத்தியதில்லை.

தண்ணீர் கொண்டுபோய் எஞ்சினியரின் வாயில் நானே ஊற்றினேன். சட்டையெல்லாம் எண்ணெய்க் கறை. முகம் வேர்த்துச் சாம்பல் நிறமாக இருந்தது. குடித்து முடித்ததும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வண்டி வந்து, ஏற்றி உட்கார வைத்த பிறகு, ஜன்னல் வழியாக மானேஜரைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"வேல்சாமி, படகுக்குள்ள இறங்கும்போது இந்தப் பையன் கத்தினான். நான் கையை உடைச்சுக்கிட்டப்போ ஏன் கத்தலை? காலையில அதை மட்டும் அவன்கிட்ட கேளு. என்ன சொல்றானோ அப்படியே எனக்குத் தந்தி குடு. அதுக்கப்புறம் வேலை யாருக்குன்னு நான் சொல்றேன்."

வண்டி பாலத்துக்குள் நுழைந்தது. மானேஜர் என் முதுகில் தட்டினார்.

"இதுல யோசிக்க என்ன தம்பி இருக்கு? நீங்கதான சார் கேக்காம வாயைத் திறக்கக் கூடாதுன்னீங்கன்னு சொல்லிரு. பொய்யா? எல்லாரும் கேட்டிருக்கோம். அதுக்கு மேல அவரால என்ன சொல்ல முடியும்? எட்டு மணிக்கு வந்துரு."

வீட்டுக்கு வந்தபோது வாப்பா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். என் கையைத் தேடிப் பிடித்து, எண்ணெய்ப் பிசுக்கைத் தடவிப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

"எஞ்சினைத் தொட்டிருக்க. கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னியாப்பா?"

"கேட்டதுக்கு மட்டும் சொன்னேன் வாப்பா."

இன்னும் கொஞ்ச நேரத்தில் விடியல் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிடுவார்கள். எட்டு மணிக்கு நான் போய் நிற்க வேண்டும். மானேஜர் சொல்லிக்கொடுத்த பதில் தயாராக இருக்கிறது. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் அந்தச் சொல் பல்லுக்குப் பின்னால் நின்றபோது எனக்குள் என்ன இருந்தது என்று நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பயம் இருந்தது. காதில் அந்தச் சூடும் இருந்தது. எது என் வாயை மூடியது என்று பிரிக்கத் தெரியவில்லை.

அந்த ஆள் என்னை வாயை மூடச் சொல்லாமலே இருந்திருந்தால், நான் 'கை' என்று கத்தியிருப்பேனா, லாத்தா?