அக்கரையிலிருந்து ஒரு ப்ளோயர்

எய்னோ விறகு அடுப்புக்கு முன்னால் மண்டியிட்டு, சூட்டை வீடெங்கும் தள்ளும் ப்ளோயரின் பேரிங்கில் தையல் மெஷின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டார். அவர் மனைவி லெம்பி ஏலக்காய் ரொட்டியை நறுக்கிக்கொண்டிருந்தாள். ப்ளோயர் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு ஓடியது. காபி ஆறுவதற்குள் மறுபடி கீச்சிட ஆரம்பித்தது.

அது நின்றுபோனால் சூடு கூடத்தோடு சரி. மார்ச் கடைசியானாலும் இரவில் பின்னறைத் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்துவிடும். கடையில் கேட்டாயிற்று. பேரிங் தனியாக வராது, மோட்டாரும் தனியாக வராது, முழு ப்ளோயராகத்தான் வாங்க வேண்டும் என்றார்கள். அந்த விலைக்கு அன்று இவர்கள் இந்த அடுப்பையே வாங்கியிருந்தார்கள்.

“அக்கரை ஆர்வோ கொட்டகையில இதே கம்பெனி அடுப்பு துருப்பிடிச்சுக் கெடக்கு,” என்றார் எய்னோ. “ஒரு வாளி புகைபோட்ட மீனக் குடுத்துட்டு ப்ளோயரைக் கழட்டிக்கச் சொல்றான்.”

“போ. ஆனா ரோட்டு வழியாப் போ.”

“ஏரியைச் சுத்திக்கிட்டு எவன் போவான்? மரமெல்லாம் இன்னும் நிக்குதே.”

“அதைப் பிடுங்க வேண்டியவனே நீதானே, கிழவா.”

“வரும்போது பிடுங்கிட்டு வந்துடறேன். ஒரே அலைச்சல்ல ரெண்டு வேலை.”

கிறிஸ்துமஸ் முடிந்து ஊரார் வீசும் மரங்களைச் சேர்த்து, உறைந்த ஏரியின் குறுக்கே வண்டித் தடத்துக்கு அடையாளமாக நடுவது எய்னோவின் வேலை. பனிக்கட்டி இளகத் தொடங்கியதும் பிடுங்குவதும் அவர்தான். மரம் நின்றால் வண்டி போகலாம், இல்லாவிட்டால் போகக்கூடாது. அதற்கு மேல் யாரும் எதையும் கேட்பதில்லை. அந்த வாரத் தொடக்கத்திலேயே பிடுங்கியிருக்க வேண்டியது. ஆர்வோ வீட்டுக்குப் போக வேண்டியிருந்ததால் விட்டு வைத்திருந்தார்.

பிக்கப் வண்டி பத்திரமாக அக்கரை ஏறியதை லெம்பி ஜன்னல் வழியே பார்த்தாள். மதியத்துக்கு மேல் பாத்திரம் கழுவும்போது, அக்கரையோரம் மரங்கள் இல்லை. வண்டி சின்னதாகத் தெரிந்தது. நின்று நின்று வந்துகொண்டிருந்தது. சொன்னதைச் செய்கிறார் என்று காபிக்குத் தண்ணீர் வைத்தாள்.

திரும்பிப் பார்த்தபோது வண்டி இல்லை. இக்கரையிலிருந்து மரங்கள் வரிசையாக நின்றன. வரிசை ஏரி நடுவில் முடிந்தது. அங்கே தண்ணீர் கறுப்பாக இருந்தது.

அவரை அன்று மாலையே எடுத்துவிட்டார்கள். வண்டியைத் தூக்க மறுநாள் ஆயிற்று. பின்பக்கம் முழுக்க மரங்கள், அவற்றுக்கு அடியில் ப்ளோயர்.

அடக்கம் முடிந்த பிறகு ஆர்வோ அதைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார்.

“எங்க அடுப்புப் பக்கத்துலயே வெச்சுக் காயவெச்சேன், லெம்பி. நல்லா ஓடுது. மாட்டிடட்டுமா?”

“மாட்டு.”

ஆர்வோ மண்டியிட்டார். பழசைக் கழற்றினார், புதுசை வைத்துப் பார்த்தார், திருப்பி வைத்துப் பார்த்தார். திருகாணித் துளைகள் ஒரு விரல் அகலம் தள்ளியிருந்தன.

“கம்பெனி ஒண்ணுதான்,” என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. “வருஷம் வேற போலிருக்கு. போன்லயே அளந்து சொல்லியிருக்கலாம். ரெண்டு பேருக்கும் தோணல.”

“பழசையே மாட்டிடு, ஆர்வோ.”

“அந்த மீதி மரங்க...”

“ஐஸ்ல இனி யாரும் எறங்க வேணாம். அதுவா போகட்டும்.”

ஆர்வோ போனதும் அவள் எண்ணெய்க் குப்பியை எடுத்து, பேரிங்கில் சொட்டுச் சொட்டாக விட்டாள். ப்ளோயர் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் ஓடியது. காபி ஆறுவதற்குள் மறுபடி கீச்சிட்டது.