செபமாலையின் முதல் பாதி

கடைசிக் கைப்பிடி மண் விழுந்ததும் சின்னதுரை மாமா இரண்டு பாட்டில்களைக் கொண்டுவந்து கீதாஞ்சலியின் அப்பாவிடம் நீட்டினார்.

"குழி வெட்டுனவங்களுக்கு நீங்கதான் கையால குடுக்கணும் மச்சான். மொறன்னு ஒண்ணு இருக்குல்ல."

என்ன முறையோ, என்ன எழவோ! போன தவக்காலத்தில் குடியை விட்ட மனுசன் கையில், பெண்டாட்டியைப் புதைத்த கையோடு பாட்டிலைத் திணிப்பதற்கு ஒரு முறை. கீதாஞ்சலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா அருளப்பன் வாங்கினார், குழி வெட்டியவர்களிடம் கொடுத்தார், கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். மாமா விட்டாரா? இன்னொரு பாட்டிலை எடுத்து அவர் சட்டைப்பைக்குள் செருகினார்.

"இது உங்களுக்கு. இன்னிக்கு ஒரு நாளு போட்டுட்டுத் தூங்குங்க. அக்கா ஒண்ணும் கோவிச்சுக்காது."

"வெக்கமா இல்ல மாமா உங்களுக்கு? எங்கம்மா எவ்ளோ பாடுபட்டு நிறுத்துச்சு!" என்று கீதாஞ்சலி கத்தினாள். கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆம்பள மனசு உனக்குத் தெரியாதும்மா" என்றார் மாமா. அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. தம்பியாயிற்றே.

அம்மா அடைக்கலமேரி அப்பாவின் குடியை நிறுத்திய விதத்தை ஊரே வேடிக்கை பார்த்தது. சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிவிட்டு வருகிற மனுசனுக்குச் சாயங்காலம் ஆனால் கை நடுங்கும், வீட்டுக்கும் வாசலுக்கும் நடப்பார். அவள் தடுக்கமாட்டாள். "ஒரு செபமாலை முடியிற வரைக்கும் பொறுங்க. அதுக்கப்புறமும் வேணும்னா நானே காசு தரேன்" என்பாள். உட்கார வைத்து ஒவ்வொரு செபத்தின் முன்பாதியையும் அவள் ஆரம்பிப்பாள், பின்பாதியை அவர் பதிலாகச் சொல்லுவார். பாதியிலேயே தூங்கிப்போன நாளும் உண்டு. சிறுநீரகம் கெட்டு அரியலூர் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்த காலத்திலும், மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்.

கீதாஞ்சலி செபம் சொல்வதில்லை. திருச்சி டாக்டர் கையை விரித்த அன்றைக்கே விட்டுவிட்டாள். இவ்வளவு கேட்டும் கொடுக்காத கடவுளிடம் என்ன பேச்சு வேண்டிக்கிடக்கிறது? இன்றைக்கு அடக்கப் பூசைக்கும் கோயிலுக்கு வெளியிலேயே நின்றாள்.

வீடு திரும்பி, குளித்துவிட்டு வந்து பார்த்தால் அப்பாவைக் காணோம். பக்கத்து வீட்டிலிருந்து சோறு வந்திருந்தது, பந்தி போட ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். அவள் தேடிக்கொண்டு ஓடினாள். அம்மா போய்விட்டாள். இவரும் போய்விட்டால் அப்புறம் யார் இருக்கிறார்கள்?

கொல்லையில் முந்திரி மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். ஈரத்தலை துவட்டவில்லை. எதிரே தரையில் பாட்டில், மூடி திறக்காமல். முழங்காலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது.

"குடுங்கப்பா அத. ஒடச்சிடறேன்."

"ஒடச்சா கடை இருக்கு பாப்பா. அது அங்கயே கெடக்கட்டும்."

"அப்ப என்னதான் பண்ணப் போறீங்க?"

"சொல்லிப் பாக்குறேன். வரமாட்டேங்குது." அவர் நிமிர்ந்து பார்த்தார். "எப்பவும் அவதான் ஆரம்பிப்பா. தூய மரியேன்னு பின்பாதி மட்டுந்தான் எனக்கு வாயில நிக்குது. முன்னாடி என்னான்னே பிடிபடல."

முப்பது வருசம் கோயிலுக்குப் போன மனுசன். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, அழுகையே ஜெயித்தது.

"ஆரம்பிச்சு வுடு பாப்பா. எனக்கு ரொம்ப முடியல."

"நான் அதெல்லாம் விட்டுட்டேன்ப்பா. மனசுல ஒண்ணும் இல்ல எனக்கு."

"மனசுல இல்லன்னா பரவால்ல. வாயால சொல்லு."

செபமாலை அம்மாவின் கையோடு மண்ணுக்குள் போய்விட்டது. கீதாஞ்சலி எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து விரலை மடக்கினாள். யாரையோ திட்டுகிற மாதிரிதான் குரல் வந்தது.

"அருள் நிறைந்த மரியே வாழ்க..."

அவர் அவசரமாகப் பதில் சொன்னார். விரல்கள் மடங்கி, விரிந்து, மறுபடி மடங்கின. நடுவில் இரண்டு முறை அவர் கை பாட்டில் பக்கம் போனது. அவள் குரலை உயர்த்தினாள், நிறுத்தவில்லை. வீட்டுக்குள்ளிருந்து மாமா சாப்பிடக் கூப்பிட்டார். யாரும் போகவில்லை.

கடைசி மணிக்கான செபமும் முடிந்தது. அவள் சொல்வதற்கு இனி ஒன்றுமில்லை. அப்பா பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வாயைத் திறக்கப் பயந்து உட்கார்ந்திருந்தாள்.

"இன்னொண்ணு சொல்லு பாப்பா" என்றார்.

அவள் மறுபடியும் முதல் விரலை மடக்கினாள்.