குடியிருப்பவர் நானே

நாங்கள் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருந்தோம். படியேறும்போது என் மனைவியின் முழங்கால்கள் போடும் சத்தத்துக்கு அடுத்த தெரு நாய்களெல்லாம் ஊளையிடும். நான் அளக்கிறேன் என்று நினைத்தால் நாய்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். இனிமேல் படியே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவள் வெளியுலகம் பார்க்க வேண்டுமானால் தரையோடு ஒரு வீடு வாங்கியாக வேண்டும். ஓய்வுபெற்ற கிழவனுக்குக் கடனா என்று வங்கிகள் பார்த்த பார்வையில், எனக்கே என்மேல் இரக்கம் வந்தது.

கடைசியில் அகப்பட்டவர், தையல்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவே நசுங்கிக்கொண்டு அலுவலகம் நடத்தும் வீட்டுக்கடன் தரகர். எதைக் கேட்டாலும் "ஆச்சு சார்" என்பார். அதுவே அவர் பெயராகிவிட்டது.

"உங்க பென்ஷனுக்குத் தவணை கொஞ்சம் இடிக்குது. வட்டி மட்டும் குறைஞ்சா ஆச்சு சார்."

"குறையுமா?"

"வீட்டப் பாத்துட்டுச் சொல்றேன்."

நான் விலை பேசி வைத்திருந்தது நெடுங்காலம் பூட்டிக் கிடந்த வீடு. ஒவ்வோர் அறை வாசலிலும் நின்று, "யாராவது குடியிருக்கீங்களா?" என்று ஆச்சு சார் கத்துவார். பதில் வராவிட்டால் 'காலி' என்று எழுதிக்கொள்வார். கூடம் காலி. சமையலறை காலி. பின்னறைக் கதவு மட்டும் சாத்தியிருந்தது.

"யாராவது குடியிருக்கீங்களா?"

"இருக்கேன்."

என் குரல்! பேசுமுன் நான் கனைப்பேனே, அந்தக் கனைப்போடு. சத்தியமாக நான் பேசவில்லை. வாய் திறந்திருந்தது உண்மை, பயத்தில், ஒரு பேருந்து திரும்பும் அளவுக்கு.

கதவைத் தள்ளினோம். வெறும் அறை. ஜன்னல் உள்ளே தாழிட்டிருந்தது. சுவரைத் தொட்டேன். ஒரே ஓர் இடம் மட்டும், இவ்வளவு நேரம் யாரோ சாய்ந்திருந்ததுபோல், வெதுவெதுப்பாக இருந்தது.

ஆச்சு சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அடிச்சுது யோகம்! கடன் வாங்கறவரே ஏற்கனவே குடியிருந்தா வட்டி குறைவு!"

"யோவ், அது நான் இல்லைய்யா!"

"குரல் உங்களுதுதானே? காதால கேட்டதத்தான் எழுதறேன். ஆச்சு சார்!"

வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடுங்கி நடுங்கிச் சொன்னேன்.

"இத்தன வருஷமா அந்தக் குரலத்தானே கேக்கறேன், எனக்கென்ன பயம்? அவராவது சொன்ன வேலையச் செய்வாரான்னு விசாரிச்சீங்களா?"

அவள் முழங்காலைத் தடவிக்கொண்டே சிரித்தாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

குடிபோன அன்று அவள் சாவியோடு காரில் முன்னால் போய்விட்டாள். நான் சாமான் வண்டியோடு போய்ச் சேர்ந்தபோது கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. மணியடித்தேன்.

"யாரு?" என்று கனைத்துக்கொண்டு கேட்டேன், உள்ளேயிருந்து.

"தவணை கட்டறவரா இருக்கும், உள்ள விடுங்க" என்றாள் மனைவி.

விட்டார்கள். படி ஒன்றுகூட இல்லாத அந்த வீட்டில் அவள் கல்யாணப் பெண்போல் வளைய வருகிறாள். அதைப் பார்ப்பதற்கு எத்தனை தவணை வேண்டுமானாலும் கட்டலாம். நான் இருப்பது முன்னறையில். பின்னறைக்குத் தேநீர் எடுத்துப் போய், "என்னங்க, சூடு போதுமா?" என்கிறாள். பதில் சொல்ல நான் வாயெடுப்பதற்குள், நான் பதில் சொல்லிவிடுகிறேன்.